வேளச்சேரி இல்லங்களில் வைஃபை ரவுட்டர்: இருப்பிடம், பெயர், மறுபிறப்பு – ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கம்

நம் நாட்டார் வழக்காற்றியல் அறிஞர்கள் உரலையும் உலக்கையையும் முறத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் இன்றைய குடும்பத்தில் காலையில் கண் விழித்ததும் எட்டிப் பார்க்கப்படுவதும், இரவு படுக்கும்முன் கடைசியாகத் திட்டு வாங்குவதுமான ஒரு பொருளை எந்தத் துறையும் தொட்டதாகத் தெரியவில்லை. அது வைஃபை ரவுட்டர். இந்தக் குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை தேவைப்படுகிறது என்பது துணை நோக்கம்.

ஆய்வு எல்லை: வடக்கே கிண்டி, கிழக்கே தரமணி, மேற்கே ஆதம்பாக்கம், தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்.

வேளச்சேரியைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். காரணம் உண்டு. இந்தியக் கல்வி நிறுவனங்களைக் கணினி வலையால் இணைக்கும் எர்நெட் திட்டம் 1986இல் தொடங்கியபோது சென்னை ஐஐடியும் அதில் இருந்தது. தெருத் தெருவாகத் தாமிரக் கம்பி இழுக்காமலே தொலைபேசியும் இணையமும் தரக்கூடிய கார்டெக்ட் தொழில்நுட்பம், 1990களில் அதே வளாகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் கையில் உருப்பெற்றது. 2000இல் தரமணியில் டைடல் பார்க் வந்தது. இப்படி மூன்று பக்கமும் தொழில்நுட்பம் சூழ்ந்த ஊரில், ஐஐடி மதிற்சுவருக்கு இந்தப் பக்கம், படுக்கையறையில் சிக்னல் வருவதில்லை. இதுவே ஆய்வுச் சிக்கல்.

கருதுகோள் வருமாறு: வேளச்சேரியில் எந்த ரவுட்டரையும் அதன் உரிமையாளர் அமைப்பதில்லை. சுவரில் இருக்கும் ஓட்டை, அதைப் பொருத்த வந்த தம்பி, பக்கத்து வீடு, மின்வெட்டு ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்துவிடுகின்றன. உரிமையாளர் மாதாமாதம் பணம் மட்டும் கட்டுகிறார்.

தரவுகள் பங்கேற்புக் கள ஆய்வு முறையில் திரட்டப்பட்டன. அதாவது, கேள்வி கேட்கப் போன இடத்திலெல்லாம் "அப்படியே மாடி ரூம்ல ஏன் வரலைன்னு பாத்துடுங்க சார்" என்று வேலை வாங்கினார்கள். புள்ளிவிவரம் எதுவும் இங்கே தரப்படவில்லை. கூகுள் படிவம் பல வீடுகளில் லோடு ஆகவில்லை.

இயல் 1: இருப்பிடமும் ஓட்டைக் கோட்பாடும்

ரவுட்டரின் ஆன்டெனாவைச் செங்குத்தாக நிறுத்தினால் அலை அதைச் சுற்றி மெதுவடை வடிவில் பரவும். குச்சி நிற்பது வடையின் துளையில். பக்கவாட்டில் வலு அதிகம். குச்சிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் குறைவு. எனவே வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது இயற்பியல். வேளச்சேரியில் நடப்பது வேறு.

டிரில் மெஷினுடன் தம்பி வருகிறார். வீட்டுக்காரர் பணிவாகத் தொடங்குகிறார்: "தம்பி, ஹால் நடுவுல வச்சா எல்லா ரூமுக்கும் வரும்ல?"

"ஒயர் அவ்ளோ தூரம் வராது சார். இங்க கேபிள் டிவிக்குப் போட்ட ஓட்டை இருக்கு பாருங்க. அதுலயே விட்டுறலாம்."

சமையலறையிலிருந்து ஒரு குரல்: "புதுசா ஓட்டை எல்லாம் போட வேணாம். ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ்ல புடிச்சுப்பார்."

முடிந்தது. 1990களில் கேபிள்காரர் சுவரில் போட்ட ஓர் ஓட்டை, இன்றைக்கு அந்த வீட்டுப் பெண் எந்த மூலையில் உட்கார்ந்து அமெரிக்க மேலாளருடன் பேச வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. கேபிள் ஓட்டை இல்லாத வீடுகளில் ஏசி குழாய் ஓட்டை அப்பணியைச் செய்கிறது. ஓட்டை பெரும்பாலும் வாசல் பக்கம் இருப்பதால் ரவுட்டர் செருப்பு ஸ்டாண்டின்மேல் அமர்கிறது. சிக்னலில் பாதி மாடிப்படிக்கும் எதிர்வீட்டுக்கும் போகிறது. எதிர்வீட்டாரின் சிக்னல் இங்கே வருகிறது. இருவரும் மற்றவர் வீட்டில் நன்றாக வரும் இணையத்துக்குப் பணம் கட்டுகிறார்கள்.

அடுத்து, தடைப் பொருள்கள். இரும்பு பீரோவும் நிலைக்கண்ணாடியும் அலையைத் திருப்பி அனுப்பும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் அதன் வலுவைக் குறைக்கும். தண்ணீர் அதை உறிஞ்சும்; மைக்ரோவேவ் அடுப்பு சாம்பாரைச் சூடாக்குவது ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில்தான், ரவுட்டர் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். இந்த ஊரில் 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் இறக்கி வைக்கப்படும் இடமும் வாசல்தான், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான். கேன் போடுகிறவர் மூன்று கேனை வரிசையாக வைத்துவிட்டுப் போனால் அன்று முழுக்க உள்ளறையில் இணையம் மந்தம். கேன் காலியாகக் காலியாக வேகம் கூடும். இந்தத் தொடர்பை ஒரு குடும்பமும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ரவுட்டரின் மேல் பூப்போட்ட துணி விரிப்பதும் பரவலாகக் காணப்படுகிறது. டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்ட மரபின் தொடர்ச்சி இது. காற்றுத் துளைகள் மூடிக்கொள்ள, உள்ளே சூடு ஏறி, மே மாதத்தில் ரவுட்டர் தானே மயங்கிவிடுகிறது. "நல்லாத்தான் பாத்துக்கறோம், என்னன்னு தெரியல" என்பது இவ்வீடுகளின் பொது வாக்குமூலம்.

உயரம் பற்றி ஒரு குறிப்பு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரித் தரைத்தளங்களுக்குள் தண்ணீர் வந்தது. அந்தப் பாடத்தை மக்கள் மறக்கவில்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் மேம்பாலத்தின்மேல் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். கார் மேடு ஏறியது. ரவுட்டர் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது.

இயல் 2: பெயரிடல்

கைப்பேசியைத் திறந்தால் வரிசையாகத் தெரியும் வைஃபை பெயர்களை நான்கு வகையாகப் பகுக்கலாம். முதல் வகை, பெட்டியோடு வந்த பெயர்: நிறுவனத்தின் பெயரும் பின்னால் நான்கு எழுத்தெண்களும். சூட்டியவர் யாருமில்லை, உரிமையாளர் கேட்டதுமில்லை. இரண்டாம் வகை, தெய்வப் பெயரும் குடும்பப் பெயரும். மூன்றாம் வகை, பிளாட் எண். எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று தெருவுக்கே அறிவிக்கும் இந்த வகையைக் காவல்துறை விரும்பாது. நான்காம் வகை, எச்சரிக்கை: "காசு கொடுத்து வாங்கு", "பாஸ்வேர்டு கேக்காத". இவ்வகை வாலிபர்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீடுகளில் மிகுதி. பக்கத்து வீட்டில் ஒருமுறை கேட்டிருக்கிறார்கள் என்பது பெயரிலிருந்தே ஊகிக்கத்தக்கது.

தமிழில் பெயர் வைத்தவர் மிகச் சிலர். அதற்கு ஒரு கணக்கு இடைஞ்சலும் உண்டு. 1997இல் வெளிவந்த ஐஇஇஇ 802.11 தரம் வைஃபை பெயருக்கு 32 பைட் இடம்தான் ஒதுக்கியது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். யூனிகோடில் தமிழுக்கு, வழக்கமான யுடிஎஃப்-8 முறையில், ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். கொம்பு, விசிறி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். ஆகத் தமிழுக்குக் கிடைப்பது பத்துக் குறிகள்.

இப்போது கணக்கிடுவோம். தரமணி 15 பைட், தாராளமாக உட்காரும். கிண்டி 18. வேளச்சேரி 27, உட்கார்ந்தபின் 5 பைட் மிஞ்சும், இடைவெளி விட்டு வீட்டு எண்கூடப் போட்டுக்கொள்ளலாம். மடிப்பாக்கம் 36, வாய்ப்பே இல்லை. தண்டீசுவரம் 33. ஒரே ஒரு பைட்டில் போயிற்று. கிரந்த எழுத்துப் போட்டுத் தண்டீஸ்வரம் என்று எழுதினாலும் அதே 33.

சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட தண்டீசுவரர் கோயிலால் அறியப்படும் நகர் அது. கல்லில் எவ்வளவு நீளமாகவும் வெட்டலாம், ரவுட்டரில் முடியாது. ஆனால் மரபிலேயே இதற்குத் தீர்வு இருக்கிறது. ஓலைச்சுவடி எழுதியவர்கள் புள்ளி இடாமலே எழுதினார்கள். அவ்வழியில் கடைசி மகர ஒற்றின் புள்ளியை எடுத்துவிட்டால் 30 பைட். இடம் கிடைத்துவிடுகிறது. அறிவுலகுக்கு இவ்வாய்வின் அசல் பங்களிப்பு இதுவே என்று ஆய்வாளர் கருதுகிறார்.

இயல் 3: சேனல் தகராறு

இந்தியாவில் 2005 முதல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வீட்டு வைஃபைக்கு உரிமம் தேவையில்லை. அதில் 13 சேனல்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. ஆனால் ஒரு ரவுட்டர் பேசத் தொடங்கினால் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரப்பிக்கொண்டு உட்காரும். ஆகவே ஒன்றையொன்று இடிக்காமல் இருக்கக்கூடியவை மூன்றே மூன்று: 1, 6, 11.

விஜயநகர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள அடுக்குமாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு தளம், தளத்துக்கு நான்கு வீடு, பதினாறு ரவுட்டர். மூன்று சேனல். எப்படிப் பங்கு பிரித்தாலும் ஏதாவது ஒரு சேனலில் குறைந்தது ஆறு வீடுகள் இருந்தே தீரும். இதற்கு ஆய்வு தேவையில்லை, வகுத்தல் போதும்.

ஒரே சேனலில் இருப்பவை நாகரிகமானவை. பேசுமுன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்கும். பேச்சு நடந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி கேட்கும். எல்லாருக்கும் வேகம் குறையும், சண்டை வராது. தொல்லை இடையில் உட்காருபவரால்தான். 3ஆம் சேனலில் அமர்ந்தவர் 1ஆம் சேனலுக்கும் இடைஞ்சல், 6ஆம் சேனலுக்கும் இடைஞ்சல். அவர் பேசுவது பக்கத்தாருக்குப் பேச்சாகவே கேட்பதில்லை, வெறும் இரைச்சல். இரைச்சல் ஓயும் என்று அவர்கள் காத்திருப்பதுமில்லை.

அடுக்குமாடிச் சங்கக் கூட்டங்களின் போக்கு இங்கே கவனிக்கத்தக்கது. கார் நிறுத்தத்தில் ஓர் அடி தள்ளி நிறுத்தியதற்கு இரண்டு மணி நேர விவாதம் நடக்கிறது. மொட்டைமாடியில் வடகம் காயவைப்பதற்குத் தீர்மானம் இருக்கிறது. இரண்டு சேனலுக்கு நடுவில் வண்டியை நிறுத்தியவர்மேல் ஒரு வரி இல்லை. அவரே செயலாளராக இருப்பதும் உண்டு. அவருக்கே தெரியாது என்பதும் உண்மை.

2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் அரசு பெரும்பகுதியை உரிமமின்றித் திறந்துவிட்டது. அங்கே இடம் ஏராளம், வேகமும் அதிகம். சுவர் தாண்டும் வலு மட்டும் குறைவு. ஒரே பெயரில் இரண்டு வரி தெரிந்து ஒன்றின் பின்னால் 5ஜி என்று இருந்தால், அது சிம் கார்டு 5ஜி என்று நம்பி, தனிக் கட்டணம் வந்துவிடுமோ என்று தொடாமலே விட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள்.

இயல் 4: கடவுச்சொல்லும் ஆட்சியுரிமையும்

1996 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918 என்னும் ஆவணம் சில முகவரிகளை வீட்டுக்குள் மட்டும் புழங்கும்படி ஒதுக்கியது. 192.168 என்று தொடங்குபவை அவற்றில் ஒரு தொகுதி. யாரும் யாரையும் கேட்காமல் வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் வேளச்சேரியில் வீட்டுக்கு வீடு ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ இருக்கிறது. எத்தனையோ வீடுகள் ஒரே கதவிலக்கத்தில் இருந்தும் பட்டா தகராறு இல்லாதது இந்த ஊரில் இந்த ஒரு விஷயத்தில்தான்.

அந்த முகவரியைத் தட்டினால் நிர்வாகப் பக்கம் திறக்கும். பயனர்பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். பெட்டிக்கு அடியில் அச்சிட்டே ஒட்டியிருப்பார்கள். மாற்றியவர் அரிது. உலக அளவில் இதற்கு விலை கொடுத்த வரலாறு உண்டு. 2016இல் மிராய் என்ற தீநிரல் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயர்–கடவுச்சொல் இணைகள் அறுபது சொச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டியது. மாற்றப்படாத கேமராக்களும் ரவுட்டர்களும் லட்சக்கணக்கில் திறந்தன. அந்தப் படையைத் திரட்டி அக்டோபர் 21 அன்று டின் என்ற அமெரிக்க நிறுவனத்தின்மேல் ஏவியபோது ட்விட்டர் உட்படப் பெரிய தளங்கள் பலவும் மணிக்கணக்கில் முடங்கின.

வைஃபை கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். இந்தப் பரந்த வெளியில் நம்மவர்கள் தேர்ந்தெடுப்பது பத்து இலக்கம்: வீட்டுக்காரரின் கைப்பேசி எண். பொருத்த வந்த தம்பி ஞாபகத்துக்கு எளிது என்று போட்டுவிட்டுப் போவார். அதே எண் வாசலில் நிற்கும் காரின் கண்ணாடியிலும் "வண்டி இடைஞ்சலாக இருந்தால் அழைக்கவும்" என்று எழுதி ஒட்டியிருக்கும். வழியில் போகிறவர் காரை நகர்த்தவும் அழைக்கலாம், கிரிக்கெட்டும் பார்க்கலாம்.

ஊரிலிருந்து வரும் சித்தப்பா செருப்பைக் கழற்றும்போதே "தம்பி, வைஃபை பாஸ்வேர்டு என்னப்பா?" என்கிறார். கொடுக்காமல் இருக்க முடியுமா? உறவு முறிந்த பிறகும் கடவுச்சொல் அவரிடம் இருக்கும்.

நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்லை உண்மையிலேயே மாற்றியிருக்கும் சில வீடுகளில் விசாரித்தபோது, மாற்றியது எட்டாம் வகுப்புப் பையன் என்பது வெளிப்பட்டது. இரவு பத்து மணிக்கு மேல் அவனுடைய டேப்லெட்டுக்கு இணையம் போகாதபடி அப்பா செய்த ஏற்பாட்டை நீக்குவதற்காக உள்ளே போனவன், திரும்பும்போது கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவ்வீடுகளே இன்று வேளச்சேரியில் மிகப் பாதுகாப்பானவை.

இயல் 5: மறுதொடக்கம்

பராமரிப்பு என்ற பெயரில் வேளச்சேரி அறிந்த ஒரே செயல் இது. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் முதல் மருந்தும் இதுதான்: "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." இதைக் கேலி செய்வோர் வரலாறு அறியாதவர். இன்றைய ரவுட்டரின் மூதாதையான ஐஎம்பி என்னும், குளிர்சாதனப் பெட்டி அளவு இயந்திரம் வழியாக, 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு லாகின் என்ற சொல்லை அனுப்பப் பார்த்தார்கள். முதல் இரண்டு எழுத்து போனதும் எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது. அதைச் சரிசெய்து, சுமார் ஒரு மணி நேரம் கழித்து அனுப்பியபோதுதான் முழுச்சொல் போய்ச் சேர்ந்தது. இணைய வரலாற்றில் முதல் செய்தியும் முதல் மறுதொடக்கமும் ஒரே நாளில் பிறந்தவை.

பலன் கிடைப்பதற்கும் காரணம் உண்டு. வீட்டிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு இணைப்பையும் ரவுட்டர் ஒரு பட்டியலில் குறித்து வைக்கும். நாள்பட அந்தப் பட்டியலும் நினைவகமும் அடைத்துக்கொள்ளும். அணைத்தால் துடைத்துவிடும். சேனலைத் தானே தேர்வு செய்யும் ரவுட்டர்களில் பலவும் எழும்போது ஒருமுறைதான் சுற்றிப் பார்க்கின்றன. எனவே ஒரு மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்தால் கட்டடத்தின் பதினாறு ரவுட்டர்களும் ஒரே நேரத்தில் விழித்து, காலியாக இருப்பதாகத் தோன்றும் இடத்தில் மொத்தமாகப் போய் உட்கார்ந்துவிடலாம். சேனலை மின்வெட்டு எப்படிப் பங்குபிரித்து வைக்கிறதோ அதன்படிதான்.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. முன்னது தூக்கம். பின்னது மறுபிறப்பு, முன்ஜென்ம நினைவு எதுவும் மிஞ்சாது. பின்புறம் ஊசித்துளை ஒன்று உண்டு. அதில் சேஃப்டி பின்னை விட்டுப் பத்து விநாடி அழுத்தினால் பெயர், கடவுச்சொல், நிறுவனம் கொடுத்த பயனர்பெயர் எல்லாம் போய்விடும். அந்தப் பயனர்பெயரை அறிந்தவர் அன்றைக்குப் பொருத்திய தம்பி ஒருவரே. அவர் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார்.

சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும் ஊசியும் உதவாது, சுவிட்சும் உதவாது. எல்ஓஎஸ் என்று எழுதிய அந்த விளக்கு, கண்ணாடி இழையில் ஒளியே வரவில்லை என்கிறது. மரக்கிளை முறிந்திருக்கும், உயரமான லாரி இழுத்துக்கொண்டு போயிருக்கும், எலி கடித்திருக்கும். தெருமுனையில் ஏணி போட்டு அதைச் சேர்ப்பவரின் வேலையை ஆய்வாளர் அருகிருந்து பார்த்தார். இழையின் மேலுறையை உரித்ததும் எஞ்சுவது 125 மைக்ரான் கனமுள்ள கண்ணாடி; அதற்குள் ஒளி ஓடும் பாதை 9 மைக்ரான். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, முனையை நேராக வெட்டி, இரு முனைகளையும் ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்து மூடினார். சிறு திரையில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று தேடி நேராகின. ஒரு மின்பொறியில் உருகி ஒட்டின. ஒளியின் வலுவை அளக்கும் மீட்டரைச் செருகி "மைனஸ் 21, போதும்" என்றார். மைனஸ் 27க்குக் கீழே போனால் வீட்டுப் பெட்டிக்குக் கண் தெரியாது. மேலே மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து ஒரு மாமி கேட்டார்: "ஏம்ப்பா, இவ்ளோ நேரமா அங்க என்ன பண்றே? வீட்டுக்கு வந்து ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடாதா?"

முடிவும் பரிந்துரையும்

கருதுகோள் நிறுவப்பட்டது. இடத்தை ஓட்டையும், பெயரையும் கடவுச்சொல்லையும் தம்பியும், சேனலைப் பக்கத்து வீடும், நலத்தை மின்வெட்டும் பார்த்துக்கொள்கின்றன. ரவுட்டர் கெட்ட பொருள் இல்லை, ஆளில்லாத பொருள். வீட்டில் எல்லாரும் அதை நம்பியிருக்கிறார்கள், அது யாருடைய வேலையும் இல்லை.

ஆகவே வாசகர் இந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு காரியம் செய்ய வேண்டும். நீளமான ஒயர் ஒன்று கேட்டு வாங்கி ரவுட்டரைச் செருப்பு ஸ்டாண்டிலிருந்து கூடத்து அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றுங்கள். துணியை எடுத்துவிடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகியவற்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல்லிலிருந்து கைப்பேசி எண்ணை நீக்குங்கள். நிர்வாகப் பக்கத்தில் ஃபர்ம்வேர் அப்டேட் என்று இருந்தால் அழுத்துங்கள், அது முடியும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள். எல்லாம் சேர்ந்து அரை மணி நேர வேலை. முடிந்ததும் பயனர்பெயர், கடவுச்சொல் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, பெட்டிக்கு அடியில் ஒட்டாமல், கேஸ் புத்தகத்துக்குள் வையுங்கள். எட்டாம் வகுப்புப் பையன் இருக்கும் வீடாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.